யன்னலைத் திறப்போம், நுளம்பைத் தடுப்போம்



இன்று உங்கள் வீட்டு யன்னலை எத்தனை மணிக்குத் திறந்தீர்கள்? அல்லது திறக்கவே இல்லையா?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஒரு குடும்பத்தின் நிலையை அறிய வருமானம், கல்வி, அங்கத்தவர் எண்ணிக்கை என்பவற்றைக் கேட்க வேண்டும் என்று கற்றுத்தந்தார்கள். சமூகப் பணிக்கு வந்த பிறகு நான் இன்னொன்றையும் பார்க்கப் பழகிவிட்டேன். அது அந்த வீட்டின் யன்னல். நண்பகல் வேளையிலும் சாத்திக் கிடக்கும் யன்னல்கள் ஏராளம். ஏன் என்று கேட்டால் "நுளம்பு" என்ற ஒரே பதில்தான் வரும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வேறு பல காரணங்களும் இருக்கின்றன என்பதை இரத்தோட்டையில் ஓர் அக்காதான் எனக்குப் புரியவைத்தார். இம்முறை அதைப் பற்றியே உங்களுடன் பேசப்போகிறேன்.

மாத்தளை நகரிலிருந்து றிவர்ஸ்டன் பக்கமாக ஏறும் பாதையில் இருக்கிறது இரத்தோட்டை. மிளகும் ஏலமும் தேயிலையும் விளையும் பூமி. மழை பெய்து ஓய்ந்தால் உடனே வெயில் எறிக்கும். கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் தேங்கிய நீர் அப்படியே நிற்கும். தோட்டத்து லயங்களில் ஓர் இஸ்தோப்பும் ஒரு காம்பராவுமாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. பல காம்பராக்களுக்கு இருப்பது ஒரே ஒரு யன்னல்தான்.

இந்தப் பக்கத்து மக்களுக்கும் வன்னிக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. 1977 ஆம் ஆண்டிலும் 1983 ஆம் ஆண்டிலும் நடந்த இனவன்செயல்களின்போது மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. நான் சொல்லும் அக்காவும் சிறுமியாக இருந்தபோது அப்படிப் போனவர்தான். வன்னியிலேயே வளர்ந்து, மணமுடித்து, இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தார். மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குள் மாதக்கணக்கில் இருந்தார். பிறகு மகளுடன் பிறந்த ஊருக்கே திரும்பிவந்து, தம்பியின் லயத்தில் ஒரு காம்பராவில் குடியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன்னர் அவருடைய பேரனுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தே பிள்ளையை மீட்டெடுத்தார். வீடு திரும்பிய அன்றே யன்னலைச் சாத்தினார். அதன் பின் அது திறக்கப்படவில்லை. விறகடுப்புப் புகை வெளியேற வழியில்லாமல் காம்பரா முழுவதும் கறுத்துப்போனது. டெங்கு போனது, ஆனால் பிள்ளையை இருமல் பிடித்துக்கொண்டது.

நாங்கள் செய்த பிழை

அப்போது எங்கள் குழு சில வீடுகளுக்கு நுளம்பு வலை அடித்துக் கொடுக்க முன்வந்தது. அந்த வேலையை நான்தான் பொறுப்பேற்றேன். யன்னல்களை அளந்தேன், வலை வாங்கினேன். ஒரு தச்சு பாஸ் வந்து ஒரே நாளில் யன்னல் நிலைகளில் வலையை ஆணியடித்து முடித்தார். படம் எடுத்தோம், அறிக்கையும் எழுதினோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். அக்காவின் யன்னலில் வலையின் ஒரு பக்கம் நேராகக் கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்து இரண்டு வீடுகளிலும் அதே கதைதான். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. காசு செலவழித்துக் கொடுத்ததை இப்படியா செய்வார்கள் என்று நினைத்தேன்.

அக்கா அமைதியாகத்தான் சொன்னார். "வலை நல்லந்தான் மிஸ். ஆனா பலகைய எப்படிச் சாத்துறது? கொளுக்கி வெளிப்பக்கம் போயிட்டுதே. மழை அடிச்சா பாயெல்லாம் நனையுது. ராவையில யாரும் வந்து தட்டினா? பலகை சாத்தாம எனக்கு நித்திரை வராது மிஸ்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. லயத்து யன்னல்களின் பலகைகள் வெளிப்பக்கமாகத் திறப்பவை. உள்ளேயிருந்து கையை நீட்டி இழுத்துத்தான் சாத்த வேண்டும். நாங்கள் இடையில் வலையை நிரந்தரமாக அடித்துவிட்டோம். யன்னலின் நீள அகலத்தை அளந்த நான், அதை யார் எந்த நேரத்தில் திறக்கிறார், எதற்காகச் சாத்துகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனையோ இரவுகளைக் கதவில்லாத கூடாரத்தில் கழித்த ஒரு பெண்ணுக்கு, தன் கையால் யன்னலைச் சாத்த முடிவது எவ்வளவு பெரிய விடயம் என்பதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அக்கா போட்ட திட்டம்

"அப்படியென்றால் எப்படி இருந்தால் நல்லது?" என்று அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கழட்டி மாட்டுற மாதிரி இருக்கணும்" என்றார்.

பிணைச்சல் போட்டுச் சிறு கதவு போல உட்பக்கம் திறக்கச் செய்யலாமா என்று பாஸ் கேட்டார். யன்னலுக்குக் கீழே கட்டில் கிடக்கிறது, தலையில் இடிக்கும் என்று அக்கா மறுத்தார். கடைசியில் ஒரு மெல்லிய மரச்சட்டத்தில் வலையை அடித்தோம். யன்னல் நிலையின் உட்பக்கத்தில் நான்கு சிறு மரத்துண்டுகளை, நடுவில் ஒவ்வோர் ஆணி வைத்து, சுழலும்படி பொருத்தினோம். துண்டைத் திருப்பினால் சட்டம் இறுகும், மறுபக்கம் திருப்பினால் கையோடு கழன்று வரும். இழுத்து எடுக்க வசதியாகச் சட்டத்தில் ஒரு துணிக்காதும் வைத்தோம். அது அக்காவின் யோசனை. பகலில் சட்டம் மாட்டியிருக்கும். இருட்டியதும் அதைக் கழற்றி, பலகையைச் சாத்திக் கொளுவிவிட்டு, மீண்டும் மாட்டுவார். அரை நிமிட வேலை.

நுளம்பு எப்போது வருகிறது?

வலை அடிப்பதற்கு முன் நுளம்பின் பழக்கத்தையும் அறிந்துகொள்வோம். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. காலையில் விடிந்த பின்னரும் மாலையில் பொழுது சாய முன்னரும் அதன் தொல்லை அதிகம். ஆகவே இரவில் மட்டும் கட்டிலுக்கு வலை கட்டுவது டெங்குக்குப் போதாது. பகல் முழுவதும் யன்னலில் வலை இருக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இரவில் கடிப்பது. 1934-35 ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய மலேரியாவில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தனர். நீண்ட போராட்டத்தின் பின்னர் 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. ஆயினும் மலேரியாவைப் பரப்பக்கூடிய புதியதொரு நுளம்பு இனம் மன்னாரில் காணப்பட்டதாக 2017 இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே நாம் கவனமாக இருப்பது நல்லது.

வலையடித்த வீடு புதிய கண்டுபிடிப்பல்ல. 1900 ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் கிராசி என்ற விஞ்ஞானி, மலேரியா மிகுந்த பகுதியில் 112 பேரை மாலை முதல் விடியும் வரை நுளம்பு கடிக்காதவாறு பாதுகாத்துப் பார்த்தார். அவர்களுள் 5 பேருக்கு மட்டுமே மலேரியா வந்தது. அண்மைக் காலத்தில் ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில் 500 வீடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2009 இல் வெளியானது. கதவு, யன்னல், கூரையோர இடைவெளி மூன்றையும் அடைத்த வீடுகளில் நுளம்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. பிள்ளைகளின் குருதிச்சோகையும் குறைந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

அளவெடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் எடுங்கள். பழைய சுவர்கள் நேராக இருப்பதில்லை. சட்டம் நிலையின் மேல் படிந்து நிற்கப்போகிறது என்றால், பெரிய அளவை எடுத்து ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கூட்டுங்கள். சட்டம் நிலைக்குள்ளே அடங்க வேண்டும் என்றால் சிறிய அளவை எடுங்கள். சட்டத்தைப் பூட்டிய பின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் கோணவில்லை.

வலை வாங்கும்போது ஓர் அங்குலத்தில் 16 முதல் 18 கண்கள் உள்ளதைக் கேளுங்கள். கண் பெரிதானால் நுளம்பு நுழையும், மிகச் சிறிதானால் காற்று குறையும். சாதாரண இரும்பு வலை மழைக்குத் துருப்பிடிக்கும். பைபர் கிளாஸ் வலை துருப்பிடிக்காது. அடுப்புக்குப் பக்கத்து யன்னலுக்கு நைலோன் வலை வேண்டாம், தீப்பற்றும். அங்கே அலுமினியக் கம்பி வலையைப் பாவியுங்கள். சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வலையை வெட்டுங்கள். முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும், பிறகு மூலைகளிலும் அடித்தால் தொய்வு விழாது.

சட்டம் செய்ய வசதியில்லையா? வலையின் ஓரத்தைத் துணி வைத்துத் தைத்து, ஒட்டி உரிக்கும் வெல்க்ரோ பட்டியால் நிலையில் பொருத்தலாம். தையல் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகள் இதை அயலவருக்கும் தைத்துக் கொடுத்துச் சிறு வருமானம் தேடலாம்.

கதவுக்கு வலையடித்தால் அது தானாகவே மூடும்படி ஸ்பிரிங் போடுங்கள். கீழ்ப்பகுதி ஒன்றரை அடிக்குப் பலகை அடியுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளின் காலும் கோழியும் ஆடும் கிழித்துவிடும். கதவின் அடியில் உள்ள இடைவெளியைப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி அடித்து மூடலாம். ஒன்றை மறக்க வேண்டாம். வலைக் கதவு நுளம்பைத் தடுக்கும், ஆட்களைத் தடுக்காது. பலகைக் கதவும் இருக்க வேண்டும், அது உங்கள் கையால் பூட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். தீ போன்ற ஆபத்து வந்தால் வெளியேற வேண்டிய வழியில் எந்த வலையையும் நிரந்தரமாக ஆணியடிக்காதீர்கள்.

சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சீமெந்து பூசி அடைக்க வேண்டாம். புகை போக அதுதான் வழி. அங்கும் கம்பி வலையே அடியுங்கள். மாதம் ஒரு தடவை எல்லா வலைகளையும் சவர்க்கார நீரில் மெதுவாகக் கழுவுங்கள். தூசியும் கரியும் அடைத்தால் காற்று வராது.

வலை மட்டும் போதுமா?

போதாது. வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரை வாரம் ஒரு நாள் அகற்ற வேண்டும். தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரங்களை நன்கு உரஞ்சிக் கழுவி மூட வேண்டும். ஈடிஸ் நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். காய்ச்சல் இரண்டு நாட்களைத் தாண்டினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது அஸ்பிரின், இபுபுரொஃபென் போன்ற மருந்துகளைக் கொடுக்க வேண்டாம்.

கடந்த மாதம் அக்காவிடம் போயிருந்தேன். காலை பத்து மணி. யன்னல் அகலத் திறந்திருந்தது. வலைக்குள்ளால் வந்த வெளிச்சத்தில் பேரன் கட்டிலில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தான். "இப்ப பாதையில யார் வாராங்கன்னு பார்த்துக்கிட்டே சமைக்கிறேன் மிஸ்" என்றார் அக்கா. அந்த லயத்தில் இன்னும் ஐந்து வீட்டார் அவரிடம் அளவு கேட்டுப் போயிருக்கிறார்கள். நான் கொடுத்த வலையை வெட்டியதற்காக அவர் இப்போதும் என்னிடம் மன்னிப்புக் கேட்பார். கேட்க வேண்டியவள் நான்தான்.

சகோதரிகளே, யாராவது உங்கள் வீட்டுக்கு ஏதேனும் ஒன்றைச் செய்துதர வந்தால், "எனக்கு இப்படி வேண்டும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு நாள் உங்கள் யன்னலைக் கவனித்துப் பாருங்கள். எப்போது திறக்கிறீர்கள், எதற்காகச் சாத்துகிறீர்கள், புகை எந்தப் பக்கம் போகிறது, மழை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலையின் திட்டத்தில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.