சொகுசுக் கப்பலில் இலங்கை: காசு கப்பலுக்கா, ஊருக்கா?

மேல்தளத்தில் நீச்சல் குளம், பின்னணியில் சூரிய அஸ்தமனம், ‘சென்னையிலிருந்தே கிளம்பலாம்’ என்று ஒரு வரி. திருமங்கலத்தில் குடியிருந்து மதுரைக்கு வேலைக்குப் போய்வரும் இளம் தம்பதியின் போனில் இப்படி ஒரு ரீல்ஸ் வந்து நின்றால் என்ன நடக்கும்? ‘கல்யாண நாளுக்குப் போலாமா?’ என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் இஎம்ஐ தேதியை யோசிப்பார். ரெண்டுமே நியாயம்தான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பயணத்தில் காசு எதற்குக் கொடுக்கிறோம்? கப்பலுக்கா, அது போய் நிற்கும் ஊர்களுக்கா?

சென்னைத் துறைமுகத்தில் 17.21 கோடி ரூபாயில் கட்டப்பட்ட சர்வதேச சுற்றுலாக் கப்பல் முனையத்திலிருந்து இலங்கைக்கான முதல் சொகுசுக் கப்பலை, 2023 ஜூன் 5-ம் தேதி மத்திய அமைச்சர் சர்பானந்தா சோனோவால் கொடியசைத்து அனுப்பி வைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் அது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்கள். கப்பல் ஒன்றும் புதுசு இல்லை. ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக பிரான்ஸில் கட்டப்பட்டு, 1990-ல் கடலில் இறங்கியது. 2022-ல் இதே கப்பல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போனபோது, சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அங்கே நிற்க அனுமதி கிடைக்காமல் போனதும் நினைவிருக்கலாம்.

விளம்பரத்தில் இருப்பதும் பில்லில் வருவதும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் தொகை பெரும்பாலும் ஒரு ஆளுக்கானது. அதுவும் ஒரு அறையில் ரெண்டு பேர் தங்கினால், ஜன்னலே இல்லாத உள் அறைக்கு. கடல் தெரிய வேண்டும் என்றால் ஒரு விலை, பால்கனி வேண்டும் என்றால் இன்னொரு விலை. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் புக்கிங்கின் கடைசிப் பக்கத்தில் வந்து சேரும். கப்பலில் ஏறிய பிறகு வைஃபை, மதுபானம், ஸ்பா, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட் என்று தனிக் கணக்கு ஓடும். கரையில் இறங்கி ஊர் சுற்றும் டூருக்கும் பெரும்பாலும் தனிக் காசுதான்.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. உலகம் முழுக்க இந்தத் தொழில் நடப்பதே இப்படித்தான். ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் பார்த்தால், மொத்த வருமானத்தில் சுமார் 30% டிக்கெட்டில் இருந்து வருவதில்லை. கப்பலுக்குள் பயணிகள் செய்யும் செலவு உள்ளிட்ட மற்ற வழிகளில் வருகிறது. பயணி கப்பலுக்குள்ளேயே இருப்பதுதான் கப்பல்காரருக்கு லாபம்.

காலையில் துறைமுகம், சாயங்காலம் புறப்பாடு என்ற அட்டவணைக்குக் காரணமும் இதுவே. காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை பக்கத்திலேயே இருக்கிறது. நல்லூர் கந்தசாமி கோயிலுக்கு 20 கிலோமீட்டர் அளவில் போக வேண்டும். அதன்பிறகு யாழ் கோட்டை, 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகம். கோயில் நடை சாத்தும் நேரத்தையும் கப்பலின் ‘திரும்பி ஏறும் நேர’த்தையும் பார்த்துக்கொண்டே ஓடினால், இதில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்கலாம். மதிய சாப்பாட்டுக்குக் காசு கட்டியாகிவிட்டது என்று பாதிப்பேர் கப்பலுக்கே திரும்பினால், யாழ்ப்பாணத்து மெஸ்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் என்ன மிஞ்சும்?

அதே நேரம், ரெண்டு பேரும் ஷிஃப்ட்டில் ஓடுகிற வீட்டில் நாலு நாள் சமைக்காமல், பாத்திரம் கழுவாமல், சிக்னல் கிடைக்காமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. அதற்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ‘இலங்கை பார்த்துட்டு வந்தோம்’ என்று சொல்லிக்கொள்ளப் போவதாக இருந்தால்தான் கணக்கு உதைக்கிறது.

திருமங்கலம் வழியாகப் போன கொழும்பு ரயில்

கடல் தாண்டுவது மதுரைச் சீமைக்கு ஒரு காலத்தில் ஆடம்பரமே இல்லை. மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை 1876-ல் திறக்கப்பட்டது. திருமங்கலம், விருதுநகர், கோவில்பட்டி வழியாகப் போகும் அதே பாதைதான். 1914-ல் பாம்பன் பாலம் வந்து தனுஷ்கோடிக்குத் தடம் மாறும்வரை, சென்னையிலிருந்து ‘போட் மெயில்’ இந்த வழியாகத்தான் தூத்துக்குடி போனது. அங்கே இறங்கி ஸ்டீமர் ஏறினால் கொழும்பு. இன்றைக்கு டோல்கேட் பிரச்சினைக்காகவும் இடைத்தேர்தல் ‘ஃபார்முலா’வுக்காகவும் செய்தியில் வருகிற ஊர், அன்றைக்கு வெளிநாட்டுக்குப் போகும் வழியில் ஒரு ஸ்டேஷன்!

அந்தக் கடல் வழியில்தான் 1906-ல் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். சுதேசிக் கப்பலை ஒழிக்க பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியதும், வ.உ.சி. எட்டணாவுக்குக் கொண்டுவந்ததும், எதிரணி கடைசியில் இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாகச் சொன்னதும் பரவலாகச் சொல்லப்படும் கதை. சண்டையே சாதாரணப் பயணியின் டிக்கெட்டுக்காகத்தான் நடந்தது.

பிறகு 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலும் 1980-களில் போரோடு நின்றுபோனது.

அப்படியானால் என்ன வழி?

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் யாழ்ப்பாணம் பார்க்க நினைப்பவருக்கு கொழும்பு தூரம். அவருக்குப் பொருந்துவது நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல். சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம் அளவில் போய்ச் சேரலாம். 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியபோது கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்து 7,670 ரூபாய். முதல் நாளில் மட்டும் 2,800. ஒரு வாரம்கூட ஓடாமல் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்ட் 16-ல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நீச்சல் குளமெல்லாம் கிடையாது. ஆனால் இறங்கிய பிறகு நாலு நாளும் உங்களுடையது. யாழ்ப்பாணத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, ஒடியல் கூழ் குடித்து, ஆட்டோக்காரரோடு தமிழிலேயே பேரம் பேசலாம். அங்கிருந்து கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணப் புடவைக்கும் தமிழ்நாடு வருகிறவர்களுக்கும் இதே கப்பல்தான் பயன்படும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சேவை நிற்கும் என்பதால், தேதியையும் இலங்கை விசா விதியையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

காங்கேசன்துறைத் துறைமுகத்தை மேம்படுத்த இந்தியா 61.5 மில்லியன் டாலர் மானியம் அறிவித்திருக்கிறது. அது நல்ல விஷயம். ஆனால் துறைமுகம் ஆழமானால் மட்டும் போதாது, டிக்கெட்டும் கைக்கு எட்ட வேண்டும். சொகுசுக் கப்பல் வரும் நாளில் அமைச்சர்கள் காட்டும் உற்சாகத்தில் பாதியை இந்தச் சின்னக் கப்பலின் கட்டணத்திலும் ஒழுங்கான அட்டவணையிலும் காட்டினால், மாதச் சம்பளக்காரத் தம்பதிக்கு வெளிநாட்டுக் கடல் பயணம் என்பது கடன் வாங்கிச் செய்யும் காரியமாக இருக்காது.

ராமேஸ்வரம் – தலைமன்னார் சேவையை விரைவில் தொடங்க 2024 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. தூத்துக்குடி பற்றி அதில் பேச்சில்லை. 2011 ஜூனில் அங்கிருந்து கொழும்புக்குக் கிளம்பிய ‘ஸ்கோட்டியா பிரின்ஸ்’ அதே ஆண்டு நவம்பரில் நின்றது. திருமங்கலத்திலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு நாலுவழிச் சாலையில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது.