பாடும் குரலுக்கும் ஓய்வு வேண்டும்

சுவிற்சர்லாந்துச் சைவ ஆலயங்களில் திருமுறை பாடுவோரிற் பலர், பகல் முழுதும் வேலைசெய்துவிட்டு மாலையில் ஓடிவரும் அன்பர்களே. மகோற்சவ காலத்தில் நாள்தோறும் பாடி, தேரன்று தொண்டை கட்டிப்போனால் அதைப் பக்தியின் அடையாளமென்று பாராட்டும் வழக்கமும் உண்டு. இவ்வழக்கம் மாறவேண்டும்.

குரல்வளையினுள் உள்ள இரு குரல் நாண்கள், சாதாரணமாகப் பேசும்போதே ஆண்களுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 100 தடவையும் பெண்களுக்கு 200 தடவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மேளச் சத்தத்தை மீறிப் பாடினால் மோதலின் வலு கூடும். குளிர்காலத்தில் சூடேற்றிய அறையின் வரண்ட காற்றும் தொண்டையை உலர்த்தும். இது தொடர்ந்தால் நாண்களில் கணுக்கள் தோன்றலாம்.

குரலின் உழைப்பை அளக்க இன்று கைத்தொலைபேசி உதவுகிறது. பொஸ்ரன் நகரின் மசாசூசெற்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், கழுத்துத் தோலில் ஒட்டும் சிறு உணர்கருவியைக் கைத்தொலைபேசியுடன் இணைத்து, நாள் முழுவதும் குரலின் அதிர்வைப் பதியும் முறையொன்றை 2012இல் வெளியிட்டனர். அக்கருவி இல்லாதோரும், வாரம் ஒருமுறை அமைதியான அறையில், ஒரே தூரத்தில் தொலைபேசியை வைத்து, ஒரே பதிகத்தைப் பாடிப் பதியலாம். பழைய பதிவோடு ஒப்பிட்டால் குரல் மாறிவருவது காதுக்கே புலப்படும்.

ஆயினும் கைத்தொலைபேசி கேட்குமேயன்றித் தொண்டையைப் பாராது. 1854இல் மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர் சிறு கண்ணாடியொன்றால் தமது குரல் நாண்களைத் தாமே கண்டார். கணுவா, புற்றுநோயா என்று அறிய இன்றும் உள்ளே பார்த்தே ஆகவேண்டும். கரகரப்பு நான்கு வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் செல்லல் அவசியம். புகைப்பவர்களும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுவோரும், கழுத்தில் கட்டி உள்ளோரும் அதுவரை காத்திருத்தலாகாது. மருத்துவக் காப்புறுதியில் வருடச் சுயபொறுப்பை 2500 பிராங்காக வைத்திருப்போர் செலவுக்கு அஞ்சிப் பிற்போடுவது ஆபத்தானது.

கருவி அளவைச் சொல்லும்; ஓய்வைக் கொடுக்கவேண்டியது ஆலய சபையே. பாடுவோரை முறைவைத்து மாற்றுதல், நல்ல ஒலிவாங்கி வைத்தல், பதிகம் பாடும்போது மேளத்தை நிறுத்துதல், தொண்டை கட்டியவரை “இன்று மட்டும்” என வற்புறுத்தாமை ஆகிய நான்கும் அதிக செலவில்லாதவை. இவற்றை அடுத்த திருவிழாவுக்கு முன்பே சபைகள் தீர்மானித்தல் நன்று. கோபுரத்துக்குச் செய்யும் திருப்பணியைப் போலவே, பாடும் குரலைக் காப்பதும் திருப்பணியாகும்.