வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீங்க

சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பார்க்குற தம்பிங்களோட பைக் நிறைய எங்க டெல்டா கிராமங்கள்ல மாட்டுக்கொட்டகை ஓரமா, தார்ப்பாய் போர்த்தி நிக்குது. காலேஜ் படிக்கும்போது வாங்கின வண்டி. விக்க மனசு வராது, பட்டணத்துல நிறுத்த எடமும் கிடையாது. தீபாவளிக்கு வந்து ரெண்டு நாள் ஓட்டுவாங்க, அடுத்து பொங்கலுக்குத்தான். நடுவுல ஐப்பசி அடைமழை, கார்த்திகை, மார்கழிப் பனி. போன்ல மட்டும் உத்தரவு வரும்: "அப்பா, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. இல்லேன்னா பேட்டரி போயிடும்."

தம்பிங்களா, அந்த அஞ்சு நிமிஷம் பேட்டரிக்கு நல்லது பண்ணல. கெடுதல்தான் பண்ணுது.

கணக்கு ரொம்ப சுலபம். செல்ஃப் ஸ்டார்ட்டை அமுக்கினா, வண்டி பேட்டரியிலேர்ந்து இழுக்குற கரண்ட்டுதான் எல்லாத்தையும் விட அதிகம். அதைத் திருப்பி ஏத்தணும்னா இன்ஜின் நல்லா சுத்தணும், வண்டி ரோட்ல அரை மணி நேரமாவது ஓடணும். நின்ன எடத்துல ஐட்லிங்ல உறுமுற வண்டியில சார்ஜ் கொஞ்சமாத்தான் வரும். அந்தக் கொஞ்சத்தையும் முன் லைட் தின்னுடும். 2017 ஏப்ரல்லேர்ந்து வர்ற இரு சக்கர வண்டியில இன்ஜின் ஓடினா லைட்டும் எரியணும்னு விதி. அணைக்க சுவிட்சே கிடையாது. அப்போ ஒவ்வொரு வாரமும் அப்பா பண்றது பேட்டரியில கைவிட்டுக் கொஞ்சம் எடுத்துக்குறதுதான். இன்ஜினும் சூடாகாம அணைஞ்சுடுதா, சைலன்சருக்குள்ள தண்ணி கோத்துத் துருவும் பிடிக்கும்.

கறவை நின்ன மாட்டுக்கும் தீனி போட்டே ஆகணும். பேட்டரியும் அப்படித்தான். சும்மா நின்னாலும் தானா இறங்கும். வண்டியில கடிகாரம் ஓடுது, பி.எஸ். 6 வண்டியில கம்ப்யூட்டர் இருக்கு, சில பேர் ஜி.பி.எஸ். வேற மாட்டியிருப்பாங்க. சாவியை எடுத்தாலும் இதெல்லாம் துளித்துளியா உறிஞ்சும். நல்லா சார்ஜ் ஏறின 12 வோல்ட் பேட்டரி மீட்டர்ல 12.6லேர்ந்து 12.8 வரை காட்டும். 12.4க்குக் கீழ போய் அப்படியே கிடந்தா, உள்ள இருக்குற ஈயத் தகட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. 12 வரைக்கும் இறங்கிட்டா ஏறக்குறைய காலின்னு அர்த்தம்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு "குளிர்காலத்துல பேட்டரி சாகும்"னு சொல்றவங்களும் இருக்காங்க. பனி கொட்டுற நாட்டுல குளிர் இருக்கறதால பேட்டரி தானா இறங்குறது குறையும். அங்க பயம் வேற: காலியான பேட்டரி உறைஞ்சு வெடிச்சுடும். நம்ம ஊர்ல வெக்கைதான் எதிரி. சூடு 10 டிகிரி கூடினா இறங்குற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. எங்க கார்த்திகை மாசம்கூட அவங்க ஊர் கோடைக்குக் குறைஞ்சது இல்ல.

சரி, என்னதான் பண்றது? பஸ் ஏறுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷ வேலை. சீட்டைக் கழட்டி, முதல்ல மைனஸ் ஒயர், அப்புறம் பிளஸ். இந்த வரிசை முக்கியம், இல்லேன்னா ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்டுத் தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது பிளஸ் முதல்ல. முனையில பூத்திருந்தா வெந்நீர் ஊத்திக் கழுவி, துடைச்சு, வாசலின் தடவுங்க. பேட்டரியை வீட்டுக்குள்ள மழைச்சாரல் படாத எடத்துல வைங்க. முழு சார்ஜ் ஏத்தி வச்சிருந்தா, நடுவுல ஒரே ஒரு தடவை சார்ஜ் போட்டாப் போதும், பொங்கல் வரைக்கும் தாங்கும். பேட்டரியில எத்தனை ஏ.ஹெச்.னு எழுதியிருக்கோ அதுல பத்துல ஒரு பங்கு ஆம்பியர்தான் ஏத்தணும். 5 ஏ.ஹெச். பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் பேட்டரிக்குப் போடுற சார்ஜர்ல மாட்டினா கொதிச்சுக் கெட்டுப்போகும். தானா நின்னுக்குற பைக் சார்ஜர் கடையில கிடைக்குது, ரெண்டு பொங்கலுக்கு ரெண்டு பேட்டரி மாத்துற காசை விடக் கம்மிதான். சார்ஜ் போடும்போது ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல பீடி, விளக்கு ஆகாது.

"அப்பாவுக்கு இதெல்லாம் எங்க தெரியும்"னு கேட்காதீங்க. அப்பாவுக்கு வேலை இருக்கு. நீங்க போன் பண்ற அந்த மாசங்கள்லதான் சம்பா வயல்ல நிக்குது. களை எடுக்கணும், மேலுரம் போடணும், மழை கொட்டினா மண்வெட்டியை எடுத்துக்கிட்டு ராத்திரியிலயும் தண்ணி வடிக்க ஓடணும். அந்த மனுஷனைக் கூப்பிட்டு 140 கிலோ வண்டியைச் சேத்துல இழுத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்றது என்ன நியாயம்? இப்போ நிறைய வண்டியில கிக்கரும் கிடையாது. பேட்டரி அடியோட செத்துட்டா எஃப்.ஐ. வண்டியைத் தள்ளினாலும் பெரும்பாலும் கிளம்பாது, பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேணும். கடைசியில மெக்கானிக்கைக் கூப்பிட்டு, புது பேட்டரி போட்டு, நீங்க வர்றதுக்குள்ள வண்டியைத் தயார் பண்றது அவர்தான். நெல்லு வித்த காசு. கேட்டா உங்ககிட்ட சொல்லவும் மாட்டாரு.

செத்த பேட்டரி எங்க போகுதுன்னும் யோசிங்க. பழைய இரும்புக்காரர்கிட்ட போகும். உடைச்சு ஆசிட்டைத் தரையில ஊத்திட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்குவாங்க. அந்தத் தண்ணி வாய்க்காலுக்குத்தான் வரும். பழைய பேட்டரியைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கணும்னு 2001லயே விதி வந்தது, 2022ல கம்பெனிக்கே பொறுப்பு வச்சுப் புது விதியும் வந்தாச்சு. கிராமத்துல அதைக் கேட்டு வாங்குறவங்க கம்மி. நீங்க படிச்சவங்க, புதுசு வாங்கும்போது பழசைக் குடுத்து விலையில கழிச்சுக்குங்க.

வருஷத்துல அஞ்சு நாள்தான் ஓட்டுவேன்னா, அந்த வண்டி உங்களுக்கு எதுக்கு? தினம் பதினைஞ்சு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வேலைக்குப் போற பையன் எங்க தெருவுலயே இருக்கான். ஆர்.சி.யும் இன்ஷூரன்சும் ஒழுங்கா மாத்தி, நியாயமான விலைக்கு அவனுக்குக் குடுங்க. தினம் ஓடுற வண்டியில பேட்டரியும் நல்லா இருக்கும். அதுக்கு மனசு வரலேன்னா, மைனஸ் ஒயரைக் கழட்டிட்டுப் பஸ் ஏறுங்க.