ராஜாவுக்கு மார்க் போடும் மகாஜனங்களே!

முதலிலேயே டிஸ்கி போட்டு விடுகிறேன். நான் இளையராஜா கட்சி. ராஜாவா ரஹ்மானா என்று சண்டை பார்க்க வந்தவர்கள் ஒரு சாயா குடித்துவிட்டுக் கிளம்பலாம் :-) இன்றைக்கு என் சண்டை எதிர்க்கட்சியோடு இல்லை, சொந்தக் கட்சிக்காரர்களோடு.

இங்கே மஸ்கட்டில் வாரக்கடைசியில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு வீட்டில் கூடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிரியாணி தம்மில் இருக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு ஒரு மூலையில் ஒதுங்கியிருப்பார்கள். பெரியவர்களில் ஒருத்தர் சும்மா இருக்க முடியாமல் ஆரம்பிப்பார். "ராஜாவோட டாப் டென் ஆல்பம் சொல்லுங்க பாப்போம்." அவ்வளவுதான், தீப்பிடித்துவிடும். ஒருத்தர் தளபதிக்குப் பத்துக்குப் பத்து. இன்னொருத்தர் மௌன ராகத்துக்கு அரை மார்க் குறைத்ததைக் கேட்டுத் தட்டைக் கீழே வைத்துவிடுவார். மூன்றாமவர் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கூட்டிக் கழித்து சராசரி போடுவார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பட்டியல் தயார். இந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டார்களா என்று பாருங்கள். ம்ஹூம்.

என் கட்சி இதுதான்: இந்த மார்க் போடும் பழக்கம் ராஜாவைப் பெருமைப்படுத்தவில்லை, சின்னதாக்குகிறது. நம் பிள்ளைகள் கையில் போய்ச் சேர வேண்டிய சொத்தில் முக்கால்வாசியைப் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

நான் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் பேங்கில் குப்பை கொட்டுகிறவன். ரேட்டிங் என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும். சிபில் ஸ்கோர் 300லிருந்து 900 வரை. அதை ஏற்றுவது எது, இறக்குவது எது என்று கேட்டால் பதில் உண்டு. கடனை ஒழுங்காகக் கட்டினாயா, கார்டில் எவ்வளவு தேய்த்திருக்கிறாய், எத்தனை வருஷமாகக் கடன் கணக்கு வைத்திருக்கிறாய், எத்தனை இடத்தில் கடன் கேட்டாய் என்று வரிசையாகச் சொல்லலாம். நீங்கள் நாயகனுக்கு 9.5 போட்டீர்களே, அந்த விட்டுப்போன அரை மார்க் எதற்கு? பாட்டுக்கா, பின்னணி இசைக்கா, ரெக்கார்டிங்குக்கா? பதில் வராது. "ஒரு ஃபீலிங் சார்" என்பார்கள். ஃபீலிங்கைத் தப்பு சொல்லவில்லை. ஃபீலிங்குக்கு எதற்குத் தசம புள்ளி என்றுதான் கேட்கிறேன்.

இத்தனை கணக்கு இருந்தும் ரேட்டிங் கவிழ்ந்த கதைகளும் உண்டு. 2018ல் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனம் ட்ரிபிள் ஏ-விலிருந்து டீ-க்கு விழச் சில வாரங்கள்தான் ஆயின. கோட் சூட் போட்ட நிபுணர்கள் கதி அது. பிரியாணிக்குக் காத்திருக்கும் நாம் எம்மாத்திரம்!

சரி, இந்த மார்க் எதைத்தான் அளக்கிறது? கூட்டத்தில் இருப்பவர்களின் பிறந்த வருஷத்தை. ஐம்பதைத் தாண்டிய அண்ணாச்சிக்குப் பயணங்கள் முடிவதில்லை (1982). அடுத்த செட்டுக்குக் கரகாட்டக்காரன் (1989). என் வயசுக்காரர்களுக்குத் தளபதி (1991). பாட்டு கிளாஸ் போனவர் வீட்டில் சிந்து பைரவி (1985). யாருக்கு எப்போது மீசை முளைத்ததோ, அப்போது வந்த கேசட் முதலிடம். இது இசை மதிப்பீடு இல்லை, வயதுச் சான்றிதழ்.

நம் ஊர்க் கூத்து மட்டும் என்று நினைக்காதீர்கள். 2002ல் பி.பி.சி. உலக சேவை தன் 70வது ஆண்டுக்கு உலகத்தின் தலைசிறந்த பாட்டு எது என்று ஓட்டு கேட்டது. தளபதியின் 'ராக்கம்மா கையத் தட்டு' நாலாவது இடம். நாம் துள்ளிக் குதித்தோம், இன்றைக்கும் அந்த நாலாமிடத்தைச் சொல்லிக் காட்டுகிறோம். முழுப் பட்டியலையும் பார்த்தீர்களா? முதலிடம் உல்ஃப் டோன்ஸ் என்ற குழு பாடிய ஐரிஷ் தேசியப் பாட்டு. இரண்டாவது வந்தே மாதரம். மூன்றாவது தில் தில் பாகிஸ்தான். ஐந்தாவதும் தமிழ்ப் பாட்டுதான், திருமலை சந்திரன் பாடியது. உலகமே கொண்டாடும் குயீன் குழுவின் 'பொஹிமியன் ராப்சடி' பத்தாவது. இதிலிருந்து எந்த இசை உயர்ந்தது என்று தெரிகிறதா, எந்தெந்த ஊர்க்காரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விடாமல் ஓட்டுப் போட்டான் என்று தெரிகிறதா? ஊரை விட்டு வந்தவனின் ஏக்கத்துக்கு மதிப்பு கொடுக்கிறேன். எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த ஏக்கத்தின் அளவை ராஜாவின் அளவு என்று சொல்லாதீர்கள்.

இந்த வியாதிக்குத் தாய்வீடு வெள்ளைக்காரனின் ராக் இசை. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003ல் தலைசிறந்த 500 ஆல்பம் என்று பட்டியல் போட்டது. பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' முதலிடம். 2020ல் புதிதாக ஓட்டெடுத்தார்கள். மார்வின் கே முதலிடத்துக்கு வந்தார், சார்ஜென்ட் பெப்பர் 24வது இடத்துக்குப் போனது. 1967ல் வந்த ஆல்பத்தில் இடையில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் அவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் குழுக்கள் ஆல்பத்தை ஆல்பமாகவே செய்தன. எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில் என்பது வரை அவர்களே யோசித்து வைத்தது. ஒரு ஆல்பத்துக்கு எதிரே இன்னொன்றை வைத்துப் பேசலாம். நம் ராஜா செய்தது படம். கேசட் என்பது படத்திலிருந்து பாட்டை மட்டும் உருவி எடுத்து விற்ற சாமான். ஐந்து பாட்டா ஆறு பாட்டா என்பதைக் கதையும் டைரக்டரும் தயாரிப்பாளரும் தீர்மானித்தார்கள். அந்த உருவிய சாமானுக்கு நீங்கள் மார்க் போட்டால் மீதி என்ன ஆவது?

ஒரு உதாரணம் சொல்கிறேன். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). படத்தில் பாட்டே கிடையாது. 1986ல் ராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைதான் பின்னணியில் வருகிறது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக அவர் செய்த வேலை அது. உங்கள் கணக்கில் வீட்டுக்கு எத்தனை மார்க்? பாட்டு இல்லை, ஆகவே முட்டை. பேங்க் பாஷையில் சொன்னால், ஒருத்தனின் சேவிங்ஸ் அக்கவுண்டை மட்டும் பார்த்துவிட்டு, அவனுடைய நிலம், நகை, எஃப்.டி. எதுவும் இல்லை என்று எழுதுகிற மாதிரி. எங்கள் ஆபீசில் அப்படி எழுதினால் மெமோ வரும்.

இனி என் சொந்த வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

எனக்கு ஊர் பாறசாலை பக்கம். நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலும் அந்தப் பக்கம் போயின, எங்கள் தாலுகா கேரளாவிலேயே நின்றது. களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டையில் இரண்டும். ரேடியோவில் முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் திருவனந்தபுரம், இன்னொரு பக்கம் திருப்பினால் திருநெல்வேலி. இரண்டிலும் ராஜா வருவார். எங்களுக்கு அவர் இரண்டு ஆள் இல்லை, ஒரே ஆள்.

அப்படிப்பட்டவன் ஒரு கூட்டத்தில் வாயை அடக்காமல் 'குரு' என்று சொல்லிவிட்டேன். ராஜீவ் அஞ்சல் 1997ல் எடுத்த படம், மலையாளத்திலிருந்து இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போன முதல் படம், இசை நம்ம ராஜா. உடனே ஒரு நண்பர், "அது மலையாளமாச்சே, கணக்குல வராது. சேட்டன் ஓட்டு செல்லாத ஓட்டு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஊரில் "நிங்ஙள் தமிழரல்லே" என்பான், இங்கே வந்தால் "நீ மலையாளிதானே" என்கிறான். எங்கள் கதை எப்போதும் இப்படித்தான், பழகிவிட்டது. அதை விடுங்கள். ராஜாவையே பாதியாக அறுத்துவிட்டு மிச்சத்துக்கு மார்க் போடுகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு கணக்கு கேளுங்கள். ராஜாவுக்குக் கிடைத்த தேசிய விருதுகள் ஐந்து. சாகர சங்கமம், ருத்ரவீணா இரண்டும் தெலுங்கு. சிந்து பைரவி, தாரை தப்பட்டை இரண்டும் தமிழ். எம்.டி. எழுதி ஹரிஹரன் எடுத்த பழசிராஜா மலையாளம். ஐந்தில் மூன்று தமிழுக்கு வெளியே. பின்னணி இசைக்காக வந்தவை மட்டும் இரண்டு, பழசிராஜாவும் தாரை தப்பட்டையும். உங்கள் டாப் டென்னில் இந்த மூன்று வேற்றுமொழிப் படத்துக்கும் இடமில்லை. பின்னணி இசைக்கென்று தனிக் கட்டமும் இல்லை. அப்புறம் என்ன மண்ணாங்கட்டி ரேங்க்?

பாட்டையே எடுத்துக்கொள்வோம். 'ஓளங்ஙள்' (1982) படத்தில் ஓ.என்.வி. எழுதி ஜானகியம்மா பாடிய 'தும்பி வா' எங்கள் ஊரில் தெரியாத ஆள் கிடையாது. அதே மெட்டு தமிழில் ஆட்டோ ராஜாவில் 'சங்கத்தில் பாடாத கவிதை'. 2009ல் இந்தியில் 'பா' படத்தில் மறுபடி வந்தது. ஒரே மெட்டு, மூன்று மொழி, மூன்று படம், மூன்று விதமான வாத்தியக் கட்டு. இதை எந்த ஆல்பத்தின் கணக்கில் வரவு வைப்பீர்கள்? பட்டியல் போடுகிறவனுக்கு இது தலைவலி. கேட்கிறவனுக்கு விருந்து. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் போட்டுக் கேட்டால் அந்த மனுஷன் எப்படி யோசிக்கிறார் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

பட்டியலில் இல்லாவிட்டால் தரமில்லை என்று அர்த்தமா? எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்த பாறசாலை பொன்னம்மாளின் கதையைக் கேளுங்கள். கர்நாடக சங்கீதத்தில் பெரிய வித்வாம்சினி, 1924ல் பிறந்தவர். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுகிற வழக்கமே முன்பு இருந்ததில்லை. 2006ல்தான் முதல் பெண்ணாக அவர் அங்கே பாடினார். அப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அதற்கு முந்தின வருஷம்வரை அவர் சங்கீதத்தில் குறை இருந்ததா? குறை பட்டியலில் இருந்தது.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். "யோவ், ஆயிரம் படத்துக்கு மேல இருக்கு. புதுசா வர்ற பிள்ளை எங்கேருந்து தொடங்கும்? பட்டியல் இருந்தா ஒரு வழிகாட்டி இல்லியா?" நியாயமான கேள்வி. வழிகாட்டி வேண்டும்தான். ஆனால் வழிகாட்டிப் பலகை "இந்த வழியாகப் போனால் நாகர்கோவில்" என்று சொல்லும். "நாகர்கோவிலுக்கு 9, நெய்யாற்றின்கரைக்கு 7" என்று சொல்லாது. மார்க்கைப் பார்த்த பிள்ளை மேலே இருக்கும் பத்தோடு கதவைச் சாத்திவிடும். நண்பர் வீட்டுப் பெண், பன்னிரண்டு வயசு, டாப் டென்னை ஒன்றிலிருந்து பத்து வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இதுல உனக்குப் பிடிச்ச பாட்டு எதும்மா?" என்று கேட்டேன். முழித்தாள். ஒன்றுகூட முழுசாகக் கேட்டதில்லையாம். குழந்தை மேல் என்ன தப்பு? நாம் அதற்குக் கொடுத்தது இசையை இல்லை, விடைத்தாளை.

ஊரை விட்டு வந்த நமக்குப் பிள்ளைகளிடம் கொடுக்க நிலமில்லை, தெருவில்லை, பாட்டியின் பேச்சுகூட வாட்ஸ்அப்பில் அரைகுறையாகத்தான் போய்ச் சேருகிறது. கையில் மிச்சமிருப்பது நாலு ருசியும் கொஞ்சம் பாட்டும். அதையும் பத்து வரியாகச் சுருக்கி, மலையாளம் தெலுங்கு எல்லாம் வெட்டி, வார்த்தையில்லாத இசையைத் தூக்கிப் போட்டுக் கொடுத்தால் அவர்களிடம் என்ன போய்ச் சேரும்?

அதனால் என் கோரிக்கை சின்னது. அடுத்த தடவை கூடும்போது பேப்பரை மூடி வையுங்கள். ஆளுக்கொரு பாட்டு, அல்லது ஒரு பின்னணி இசைத் துண்டு போடட்டும். முழுசாக ஓடட்டும், நடுவில் யாரும் பேசக் கூடாது. முடிந்ததும் போட்டவர் ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். இதை எங்கே, யாரோடு கேட்டேன், எந்த இடத்தில் மனசு நின்றது. பிள்ளைகளுக்கும் ஒரு முறை வரட்டும். அவர்கள் ராஜாவைப் போடாமல் கொரியாக்காரனைப் போட்டாலும் அதே மரியாதையோடு கேளுங்கள்.

தெலுங்குக்கார நண்பர் சாகர சங்கமம் போடுவார், நான் தும்பி வா போடுவேன். யாரும் யாருக்கும் மார்க் போட வேண்டாம். பிரியாணிக்கு வேண்டுமானால் போடுங்கள். அதற்குத் தசம புள்ளி வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை :-)