பாட்டு யாருடையது, பணம் யாருடையது?

கௌபாய் படம் என்றால் துப்பாக்கி, குதிரை, புழுதி... அவ்வளவுதானா? 1930களின் ஹாலிவுட்டில் கிடார் வாசித்துப் பாடிக்கொண்டே வில்லனைப் பிடித்த கௌபாய்களும் இருந்தார்கள். அவர்களில் முதல் பெரிய நட்சத்திரம் ஜீன் ஆட்ரி. ரயில்வேயில் தந்தி ஆபரேட்டராக இருந்தவர். 1935-ல் ரிபப்ளிக் நிறுவனத்தின் 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' அவரைக் கதாநாயகன் ஆக்கியது.

"கதையே இல்லை, சும்மா பாட்டு" என்று இந்தப் படங்களைக் கேலி செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டுதான் சரக்கே! ஆட்ரி படம் வேண்டுமா, மற்ற படங்களையும் சேர்த்து எடு என்று தியேட்டர்காரர்களை நெருக்கியது ரிபப்ளிக். ஆட்ரி அதை எதிர்த்தார், சம்பளமும் போதாது என்றார், 1938-ல் வெளிநடப்புச் செய்தார்.

நிறுவனம் அசரவில்லை. லெனர்ட் ஸ்லை என்ற பாடகருக்கு ராய் ராஜர்ஸ் என்று பெயர் சூட்டி, ஆட்ரிக்காக வைத்திருந்த 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' படத்தை எடுத்தது. அதுவும் ஓடியது!

ஆட்ரி அதே ஆண்டு திரும்பி வந்தார். ஆனால் பாடம் படித்துக்கொண்டார். பின்னாளில் சொந்தப் படக் கம்பெனி, வானொலி நிலையங்கள் என்று முதலாளி ஆனார். நல்ல குரல் இருந்தால் மட்டும் போதாது. கணக்குப் புத்தகமும் பாடுகிறவர் கையில் இருக்க வேண்டும். இன்றைக்குப் பாடுகிறவர்களுக்கும் இது பொருந்தாதா? யோசித்துப் பாருங்கள்.