எண்ணெய் வற்றிய திரி



கிறிஸ்து பிறப்புக் குடிலைச் சுற்றிப் பொம்மை இரயில் ஓடவிடும் வழக்கம் நம் பங்கில் ஒரு வீட்டில் உண்டு. கப்பலில் பணிபுரிந்த பாட்டனார் அமெரிக்காவினின்று வாங்கி வந்த லயனல் எஞ்சின் அது. வெண்புகையை விட்டவாறு அது குடிலை வலம்வருவதைக் காணத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் கூடுவர். சென்ற ஆண்டு அவ்வீட்டுச் சிறுவன், தந்தை இல்லாத வேளையில், புகைத் திரவம் ஊற்றாமலே நெடுநேரம் எஞ்சினை ஓட்டிவிட்டான். கருகல் நாற்றம் எழுந்தது, புகை நின்றது. தந்தை சினந்து பேசிய பேச்சில், பெருவிழாத் திருப்பலியில் அவரருகே நிற்கவும் மகன் அஞ்சினான்.

மறுவாரம் வீடு மந்திரிக்கச் சென்ற என்னிடம் தாய் இதைச் சொல்லிக் கண்கலங்கினார். நம் திருத்தணியின் இருப்புப்பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓடிய நாளில் பணிபுரிந்த பெரியவர் ஒருவரை நான் அழைத்துச் சென்றேன். தந்தையையும் மகனையும் இருபுறமும் அமர்த்தி, அவர் எஞ்சினைப் பிரித்தார்.

இத்தகைய எஞ்சினில் புகை எழுவது தீயினால் அன்று. சிறு கலத்தினுள் நிக்ரோம் கம்பிச் சுருள் சூடேறுகிறது. பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து, புகையாய்த் தோன்றுகிறது. சக்கரத்தோடு இணைந்த உந்துதண்டு காற்றைத் தள்ளுவதால் அது விட்டுவிட்டு எழுகிறது. 1946இல் லயனல் நிறுவனத்தார் விளக்கின் வெப்பத்தால் வில்லையை உருக்கிப் புகை எழுப்பினர். மறு ஆண்டே கம்பிச் சுருளுக்கு மாறினர். இவ்வீட்டு எஞ்சினும் வில்லைக்காக அமைந்து, பின்னாளில் பஞ்சு வைத்துத் திரவத்திற்கு மாற்றப்பட்டதே.

பெரியவர் கூறிய முறைகளை, இத்தகைய பொருள் உடையோர்க்காக எழுதுகிறேன். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள். சில பழைய கலங்களில் கல்நார் உறை இருக்கலாம்; அதைச் சுரண்டாமல், அறிந்தவரிடம் விடுங்கள். கருகிய பஞ்சை நீக்கி, வெப்பம் தாங்கும் புதுப் பஞ்சை, காற்றுத் துளை அடைபடாதவாறு தளர்வாய் வையுங்கள். சுருள் அறுந்திருப்பின் மாற்றுங்கள். இதற்கென விற்கும் திரவத்தையே சில துளிகள் இடுங்கள். மிகுதியாயின் வழிந்து உள்ளுறுப்புகளில் பிசுக்கேறும். மண்ணெண்ணெய் தீப்பற்றும்; தேங்காயெண்ணெய் கருகிப் பிசினாகும். அமெரிக்க மின்மாற்றியை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே இணைக்கலாகாது. யாவற்றிற்கும் மேலாக, உலர்ந்த கலத்தைச் சூடேற்றாதீர்கள்.

“பெரிய எஞ்சினுக்கும் இதே சட்டந்தான் சாமி” என்றார் பெரியவர். கொதிகலனில் நீர் குறைந்து தீயறையின் கூரை வெளிப்பட்டால், அங்குள்ள ஈயத் தக்கை உருகும். பாய்ந்து வரும் நீராவி ஓட்டுநரை எச்சரித்து, தீயைத் தணிக்கும். பொம்மைக்கு அத்தகைய தக்கை இல்லை.

சிறுவன் மெல்ல, “தாத்தா, இது மறுபடியும் புகை விடுமா?” என்றான். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, 1909இல் ஓய்வு பெற்று, நூறாண்டு காட்சிப் பொருளாய் நின்ற எஞ்சினையே நம் பெரம்பூர்ப் பணிமனையார் 2010இல் ஓடச் செய்ததை அவர் சொன்னார். “அதற்கு உயிர் வந்ததென்றால், இது எம்மாத்திரம், தம்பி!”

அதுவரை பேசாதிருந்த தந்தை, மகனின் தோள்மீது கை வைத்தார். “துளி எத்தனை என்று நீயே எண்ணி ஊற்று” என்றார். சிறுவன் எண்ணினான், தந்தையும் உடன் எண்ணினார். சற்று நேரத்தில் புகை எழுந்தது.

எண்ணெயின்றி விளக்கேந்திச் சென்ற ஐந்து கன்னியரை நம் ஆண்டவர் அறிவிலிகள் என்றார். அவர்கள் கையிலும் விளக்கு இருந்தது, இல்லாதது எண்ணெயே. பெற்றோரே, பிள்ளைகளைத் திருத்தும் கடமை உங்களுக்கு உண்டு. ஆனால், அன்பும் செபமும் வற்றிய நெஞ்சில் சூடேறும்போது, எழுவது கருகல் நாற்றமே. இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. செபிக்காமல் பீடமேறிக் கடிந்து பேசிய நாள்கள் எனக்கும் உண்டு.

இத்திருவருகைக் காலத்தில், பிள்ளையைக் கடியுமுன் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். முதலில் எண்ணெய், பிறகே நெருப்பு.