ஏழு நிமிஷ ஊசியும் வடசேரி பஸ்ஸும்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்தால் எனக்கு ஒரு வேலை கட்டாயம் உண்டு. மூணு வாரத்துக்கு ஒருதடவை அத்தையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது. விடியக்காலை அஞ்சு மணிக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்போம். கனகமூலம் சந்தைப் பக்கம் லாரியில் இருந்து வாழைக்குலை இறக்கிக்கொண்டிருப்பார்கள். ரெண்டு மணி நேரம் பஸ். அப்புறம் டோக்கன், ரத்தப் பரிசோதனை, அதன் ரிசல்ட், டாக்டர், பார்மஸி, கடைசியாக ட்ரிப்ஸ் ஏற்ற ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்த பிறகும் நர்ஸக்கா கையைத் தட்டித் தட்டி நரம்பு தேட வேண்டும். போன தடவை நாலாவது குத்தில்தான் கிடைத்தது. யார் மேலும் குற்றமில்லை, கீமோ போட்டுப் போட்டு நரம்பெல்லாம் சுருண்டு போய்விட்டது. “மக்கா, இந்த மருந்த வயித்துல போடப்பிடாதா, உங்க மாமாவுக்கு சுகர் ஊசி போடுவமே, அது மாதிரி?” என்று அத்தை கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அத்தை கேட்டதைத்தான் உலகத்தின் பெரிய மருந்துக் கம்பெனிகள் சில வருஷமாகச் சோதித்துக்கொண்டிருக்கின்றன! அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இம்யூனோதெரபி என்றால் என்ன என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களைப் புற்றுநோய் ஏமாற்றித் தூங்க வைத்திருக்கும், அந்தத் தூக்கத்தைக் கலைக்கிற மருந்துகள் இவை. நிவோலுமேப், பெம்ப்ரோலிசுமேப், அடிசோலிசுமேப் என்று பல்லுடைக்கும் பெயர்கள். எல்லாமே பெரிய பெரிய புரதங்கள் என்பதால் இதுவரை ட்ரிப்ஸாக, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஏற்றினார்கள்.

தோலுக்கடியில் ஏன் போடவில்லை? அங்கே இடம் இல்லை. தோலுக்குக் கீழே ஹயலுரானிக் அமிலம் என்ற பிசின் மாதிரி ஒரு பொருள் வலைபோல இருக்கிறது. சாதாரணமாக ஒன்று அல்லது ரெண்டு மில்லிக்கு மேல் செலுத்தினால் அங்கேயே கட்டி நின்றுவிடும். இந்த மருந்துக்கோ பத்து, பதினைந்து மில்லி வேண்டும். அதற்குக் கண்டுபிடித்த வழி, ஹயலுரானிடேஸ் என்ற நொதியை மருந்தோடு கலப்பது. நம்ம ஊர் வயக்காட்டில் வரப்பை வெட்டி மடை திறந்துவிடுவது மாதிரி அது அந்த வலையைக் கொஞ்ச நேரம் கரைத்துவிடும், மருந்து பரவிப் போகும். ஒன்றிரண்டு நாளில் உடம்பு வரப்பை மறுபடி கட்டிக்கொள்ளும்.

சோதனைகள் ஜோராக நடந்தன. அடிசோலிசுமேப்பை நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 371 பேரிடம் சோதித்தார்கள். தொடையில் 15 மில்லி, ஏறக்குறைய ஏழு நிமிஷம். பிரிட்டன் 2023 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது, அமெரிக்கா 2024 செப்டம்பரில். நிவோலுமேப்பை 495 சிறுநீரகப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள், மூணு முதல் அஞ்சு நிமிஷம். அதற்கு அமெரிக்க அனுமதி 2024 டிசம்பரில். பெம்ப்ரோலிசுமேப் 2025 செப்டம்பரில் வந்தது, அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ரெண்டு விதமும் போட்டுப் பார்த்தவர்களைக் கேட்டால் பத்தில் ஏழு பேர் ஊசியே போதும் என்று சொன்னதாக இன்னொரு ஆய்வு. அத்தையைக் கேட்டிருந்தால் பத்துக்குப் பத்து வந்திருக்கும் :-)

இந்த ஆய்வுகளில் முதன்மையாக அளந்தது என்ன தெரியுமா? ரத்தத்தில் மருந்தின் அளவு. ட்ரிப்ஸில் போட்டால் இருக்கும் அளவுக்குக் குறையாமல் ஊசியிலும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. கட்டி சுருங்குவதும் குறையவில்லை. நிவோலுமேப் ஆய்வில் ஊசி போட்டவர்களில் 24 சதவீதம் பேருக்கும், ட்ரிப்ஸில் 18 சதவீதம் பேருக்கும் சுருங்கியது. அதில் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

என் புகார் மருந்தின் எடையைப் பற்றியது. தோலுக்கடியில் போடுவதில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போய்ச் சேருவதில்லை. அதை ஈடுகட்ட ஊசியில் அதிக மருந்து வைக்கிறார்கள். அடிசோலிசுமேப் 1200 மில்லிகிராம் இருந்தது 1875 ஆகிவிட்டது. பெம்ப்ரோலிசுமேப் 200 இருந்தது 395. நிவோலுமேப் ரெண்டு வாரத்துக்கு 240 இருந்தது 600!

இப்போது மும்பைக்கு வாருங்கள். அங்கே டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் டாக்டர் குமார் பிரபாஷ், டாக்டர் விஜய் பாட்டில் குழுவினர் வேறொரு கேள்வி கேட்டார்கள்: இவ்வளவு மருந்து நிஜமாகவே தேவையா? வாய், தொண்டைப் பகுதியில் புற்றுநோய் முற்றிய 151 பேரைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு விலை குறைந்த மாத்திரைகள் மட்டும். இன்னொரு பாதிக்கு அதே மாத்திரைகளோடு மூணு வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமேப். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதம், 20 மில்லிகிராமும் எடுத்தவர்களில் 43.4 சதவீதம். 2022-ல் வெளியான ஆய்வு இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூணு வாரத்துக்கு ஊசி வழி நிவோலுமேப் 900 மில்லிகிராம். டாடா கொடுத்தது 20. நாற்பத்தைந்து மடங்கு வித்தியாசம்.

கூடப் படிக்கும் நண்பன் ஒருத்தன் இதைக் கேட்டதும் மடக்கினான். “டாடா ஆய்வு குறைந்த டோஸை முழு டோஸோடு ஒப்பிடவே இல்லையே, ஒன்றுமே இல்லாததோடுதானே ஒப்பிட்டார்கள்?” வாஸ்தவம். 20 மில்லிகிராம் முழு டோஸுக்குச் சமம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் அத்தைக்கு முன்னால் இருக்கும் தேர்வு முழு டோஸா குறைந்த டோஸா என்பதில்லையே. முழு டோஸ் ஒரு தவணைக்கே லட்சத்தைத் தாண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று மாமா பதிலே பேசாமல் எழுந்து வெளியே போனார். நம்மைப் போன்ற நாடுகளில் இந்த மருந்து தேவைப்படுபவர்களில் நூற்றுக்கு மூணு பேருக்குக்கூடக் கிடைப்பதில்லை என்று அந்த டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ட்ரிப்ஸ் மருந்து 40, 100 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. ரெண்டு பேரை ஒரே நாளில் வரச் சொன்னால் 40 மில்லிகிராம் குப்பியைப் பாதிப் பாதியாகப் போட்டுவிடலாம். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் சேர்த்து இலை போடுகிற மாதிரிதான். தோலுக்கடியில் போடும் மருந்தோ ஒரு ஆளுக்கு ஒரு முழு டோஸ் என்ற கணக்கில் நொதியும் கலந்து வருகிறது. குறைத்துப் போட அதில் வழி வைக்கவில்லை. பழைய மருந்துகளின் காப்புரிமை முடிகிற நேரம் வேறு: இந்தியாவில் நிவோலுமேப்புக்கு 2026 மே, அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமேப்புக்கு 2028. புது வடிவத்துக்குப் புதுக் காப்புரிமை வாங்கலாம். இந்த ஊசி இவ்வளவு அவசரமாக வந்ததற்கு நோயாளியின் வசதி மட்டும்தான் காரணம் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

சரி, நேரம் மிச்சமாகிறதே? யாருக்கு? காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வீடு திரும்பும் அத்தைக்கு, ஒரு மணி நேர ட்ரிப்ஸ் ஏழு நிமிஷ ஊசியானால் ஏழு மணிக்குத் திரும்புவாள். கூடவே கீமோவும் ட்ரிப்ஸில் ஏற வேண்டும் என்றால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் நாற்காலி காலியாகும். (அதுவும் நல்லதுதான், அடுத்து நிற்பவரும் யாரோ ஒருத்தருடைய அத்தைதான்.) நிஜமான லாபம் அந்த ஊசி தக்கலைக்கோ, ஆசாரிபள்ளத்துக்கோ வரும்போதுதான். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் ஆரம்பித்துப் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற மாநிலம் இது. ஆனால் இம்யூனோதெரபியின் பக்கவிளைவு தைராய்டு, நுரையீரல், குடல் என்று சில வாரம் கழித்துக்கூட வரும். வயிற்றுப்போக்கு என்று வருகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்து அனுப்பாமல், இவர் என்ன ஊசி போட்டவர் என்று கேட்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்க வேண்டும். அது நடக்குமா என்பதையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். குறைந்த டோஸையும் தோலடி ஊசியையும் சேர்த்து இங்கேயே சோதியுங்கள், அதுவும் வாய்ப் புற்றுநோயில். இந்த நோய் நம்ம ஊருக்கு நேற்று வந்ததில்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களின் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933-லேயே லான்செட் இதழில் எழுதினார். (1924-ல் எவரெஸ்டில் ஏறப்போன சோமர்வெல் டாக்டரும் அதே நெய்யூரில்தான் இருந்தார், இது பாதிப் பேருக்குத் தெரியாது.) தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் உலகத்துக்கு நோயைப் பற்றிச் சொல்ல நம்ம ஊர் வாய்கள் வேண்டியிருந்தது. மருந்தின் அளவை முடிவு செய்யும்போது மட்டும் ஏன் வேண்டாம்?

சோதனை என்றதும் இங்கே பயப்படுபவர்களும் உண்டு, அந்தப் பயம் வெறும் கற்பனையில்லை. 1999-2000-ல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஒருவருடைய வேதிப்பொருளை, வாய்ப் புற்றுநோயாளிகளின் கட்டியில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். அதற்கு முறையான அனுமதி வாங்கவில்லை, நோயாளிகளின் சம்மதமும் சரியாகப் பெறவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே 2001-ல் ஒப்புக்கொண்டது. இப்போது நிலைமை வேறு. 2009 ஜூன் முதல் ஒவ்வொரு சோதனையையும் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 2019 விதிகளில் பாதிப்பு வந்தால் நஷ்டஈடு உண்டு. எனக்கு இன்னும் ஒன்று வேண்டும். எல்லை தாண்டிச் சிகிச்சைக்குப் போகும் குமரி மாவட்டத்துக்காரர் கையெழுத்துப் போடும் சம்மதப் படிவம், அவருக்குப் படிக்கத் தெரிந்த தமிழில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நேற்று ராத்திரி அத்தைக்கு என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். மடை திறக்கும் கதை அவளுக்குப் பிடித்துவிட்டது. இருபது, தொள்ளாயிரம் கணக்கைச் சொன்னபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“அந்த இருபது எனக்குக் காணுமாண்ணு டாக்டருட்ட நீ கேப்பியாடே?”

செவ்வாய்க்கிழமை போகிறோம். கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.